வானம் எடுத்த தண்ணீருக்குக் கணக்கு: கிணற்றுப் பாசனத்தில் பயிரின் ஆவிச் செலவை அளப்பது எப்படி?

உடுமலை, பல்லடம் பக்கத்துத் தோட்டங்களில் நிலக்கடலைக்கு எப்போது தண்ணீர் கட்டுவீர்கள் என்று கேட்டால், பெரும்பாலும் "வாரத்துக்கு ஒரு தண்ணிங்க" என்றுதான் பதில் வரும். தை மாதமும் வாரத்துக்கு ஒன்று, பங்குனியிலும் வாரத்துக்கு ஒன்று. தையில் சின்னச் செடி. மண்ணில் பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கும், வெயிலும் இதமாக இருக்கும். பங்குனியில் அதே செடி பாத்தியை மூடி நிற்கும், வெயிலோ கொளுத்தும். இரண்டு மாதத்துக்கும் ஒரே முறை வைத்தால் தையில் தண்ணீர் வேருக்குக் கீழே இறங்கிவிடும். பங்குனியில் காய் பிடிக்கும் நேரத்தில் செடி தவிக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில், ஆண்டுக்கு ஏறக்குறைய 600 முதல் 700 மி.மீ. மழையை நம்பி வாழும் ஊர்களில் இந்த இரண்டு இழப்பையும் தாங்க முடியாது.

வயலிலிருந்து தண்ணீர் இரண்டு வழியாக வானத்துக்குப் போகிறது. ஈர மண்ணின் மேற்பரப்பிலிருந்து ஆவியாவது ஒன்று, வேர் உறிஞ்சி இலைத் துளைகள் வழியே நீராவிப்போக்காக வெளியேறுவது மற்றொன்று. வயலில் நின்று இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பதால் சேர்த்தே அளக்கிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் 'ஈ.டி.' என்பது இதைத்தான். நான் இங்கே ஆவிச் செலவு என்றே சொல்கிறேன், ஏனென்றால் கடைக் கணக்கு எழுதத் தெரிந்தவருக்கு இது முழுக்கப் புரியும். மழையும் பாசனமும் வரவு, ஆவிச் செலவு செலவு, வேர் மண்டலத்து ஈரம் கையிருப்பு.

முதலில் அலகைப் பழகுங்கள்

மழையைப் போலவே ஆவிச் செலவையும் மில்லிமீட்டரில் சொல்கிறோம். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். ஒரு சென்டுக்கு ஏறக்குறைய 40 லிட்டர், ஒரு ஏக்கருக்கு 4,047 லிட்டர். ஒரு நாளில் 7 மி.மீ. போனது என்று கேட்டால் சின்ன எண்ணாகத் தோன்றும். ஏக்கருக்கு 28,000 லிட்டர் என்று மாற்றிப் பார்த்தால்தான் அதன் கனம் தெரியும்.

அடுத்தது உங்கள் மோட்டார். குழாய் வாயில் 200 லிட்டர் டிரம்மை வைத்து, அது நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று கைப்பேசியில் பாருங்கள். 40 விநாடி ஆனால் விநாடிக்கு 5 லிட்டர், மணிக்கு 18,000 லிட்டர். கிணற்று நீர்மட்டம் இறங்க இறங்க இந்த அளவு குறையும் என்பதால், மாதம் ஒருமுறை திரும்ப அளக்க வேண்டும். மோட்டாரின் குதிரைத்திறனை வைத்துத் தண்ணீரைக் கணக்கிடாதீர்கள். ஒரே 5 குதிரைத்திறன் மோட்டார் 40 அடியிலிருந்து தூக்குவதும் 120 அடியிலிருந்து தூக்குவதும் ஒன்றல்ல.

ஆவித்தட்டு வைத்தல்

புதிதாகத் தொடங்குபவர் விலையுயர்ந்த கருவி எதையும் வாங்குமுன் ஒரு ஆவித்தட்டு வைத்து ஒரு பட்டம் (ஒரு சாகுபடிப் பருவம்) முழுக்க எழுதிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வானிலை நிலையங்களில் இதை 'ஓபன் பேன்' என்பார்கள். சுமார் 122 செ.மீ. விட்டமும் 25 செ.மீ. ஆழமும் உள்ள வட்டத் தொட்டி அது. வெயில், காற்று, காற்றின் வறட்சி மூன்றும் சேர்ந்து தண்ணீரை எவ்வளவு இழுக்கின்றன என்பதை அது நேராகவே காட்டிவிடும்.

தட்டைத் தரையில் வைக்காமல் 10 முதல் 15 செ.மீ. உயர மரச்சட்டத்தின் மேல் வையுங்கள், அடியில் காற்று போக வேண்டும். தண்ணீர் மட்டம் விளிம்புக்கு 5 செ.மீ. கீழே இருக்கட்டும், 7.5 செ.மீ.க்குக் கீழே இறங்க விடாதீர்கள். உள்ளே ஒரு கம்பியைச் செங்குத்தாக நிறுத்தி, அதன் கூர்நுனியை அடையாள மட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு, நுனி வரை தண்ணீர் வரும்படி அளவுக் குவளையால் ஊற்றுங்கள். 122 செ.மீ. தட்டில் 1.17 லிட்டர் ஊற்றினால் 1 மி.மீ. ஆக, 10 லிட்டர் பிடித்தால் நேற்று 8.5 மி.மீ. போயிருக்கிறது. மழை பெய்த நாளில் மழைமானி காட்டிய அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். மழையால் மட்டம் நுனியைத் தாண்டி ஏறியிருந்தால், நுனி வரை வெளியே முகந்து, முகந்ததை மழையளவிலிருந்து கழியுங்கள்.

மேலே கம்பி வலை போடாவிட்டால் காக்கையும் ஆடும் குடித்த தண்ணீர் வானத்தின் கணக்கில் ஏறிவிடும். இந்தியத் தரத் தட்டே வலையோடுதான் வருகிறது. வலை போட்ட தட்டில் திறந்த தட்டைவிடச் சுமார் 14 சதவீதம் குறைவாக ஆவியாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

இடம் தேர்வதில்தான் நான் ஒரு முழுப் பட்டத்தை இழந்தேன். பார்க்க வசதி என்று மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், புல் பூண்டில்லாத காய்ந்த களத்தில் தட்டை வைத்தேன். சுடுமண்ணில் அடித்த அனல்காற்று தட்டிலிருந்து அதிகமாக இழுத்தது. அந்த எண்ணை நம்பித் தேவைக்கு மேல் தண்ணீர் கட்டினேன், மாசி முடியுமுன் கிணறு கையை விரித்துவிட்டது. சுற்றிலும் குறைந்தது பத்து மீட்டருக்குப் பசுமையான பயிரோ புல்லோ இருக்கும் இடமாகப் பாருங்கள். மர நிழலும் கட்டட நிழலும் விழக்கூடாது.

தட்டுத் தண்ணீர் பயிரைவிட வேகமாக ஆவியாகும் என்பதால் ஒரு குணகத்தால் பெருக்க வேண்டும். சுற்றிலும் பசுமை, மிதமான காற்று என்றால் திறந்த தட்டுக்கு 0.7, வலை போட்டதற்கு 0.8 வைத்துத் தொடங்கலாம். சுற்றிலும் தரிசு, காற்றும் பலம் என்றால் திறந்த தட்டுக்கு 0.6 போதும். திறந்த தட்டில் 8.5 மி.மீ. போன நாளில் 0.7 ஆல் பெருக்கினால் 6 மி.மீ. இதற்கு 'மேற்கோள் ஆவிச் செலவு' என்று பெயர். 12 செ.மீ. உயரப் புல், தண்ணீர்க் குறைவே இல்லாமல் தரையை மூடி வளர்ந்தால் எவ்வளவு செலவழிக்குமோ அந்த அளவு இது.

பெரிய தட்டுக்குப் பணமில்லை என்றால் 200 லிட்டர் டிரம்மைக் குறுக்கே அறுத்துக்கொள்ளலாம். ஆனால் சிறிய பாத்திரம் சற்று அதிகமாகவே காட்டும். அருகிலுள்ள வேளாண் பல்கலைக்கழக நிலையத்தின் தட்டு அளவை இரண்டு வாரம் வாங்கி, உங்கள் டிரம் அளவோடு ஒப்பிட்டு, உங்களுக்கென ஒரு குணகம் கண்டுபிடித்துவிட்டால் பிறகு கவலையில்லை.

தட்டு இல்லாத நாளுக்கு வெப்பமானி

ஊருக்குப் போய்விட்டீர்கள், நான்கு நாள் தட்டைப் பார்க்கவில்லை. அப்போது கைகொடுப்பது 1985-ல் வந்த ஹார்கிரீவ்ஸ் வாய்பாடு. நாளின் உச்ச வெப்பமும் குறைந்த வெப்பமும் தெரிந்தால் போதும்:

0.0023 × (சராசரி வெப்பம் + 17.8) × (உச்சத்துக்கும் குறைந்ததுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கமூலம்) × வான்கதிர் அளவு

வான்கதிர் அளவு என்பது வளிமண்டலத்துக்கு வெளியே வந்து விழும் சூரிய ஆற்றலை மி.மீ. தண்ணீராக மாற்றிச் சொல்வது. இது அட்சரேகையையும் மாதத்தையும் மட்டுமே பொறுத்தது. கோவை, திருப்பூர் பகுதி 11 பாகை வடக்கில் இருப்பதால், நாளொன்றுக்கு ஜனவரிக்கு 12.8, பிப்ரவரிக்கு 13.9, மார்ச்சுக்கு 15, ஏப்ரலுக்கு 15.5 என்று வைத்துக்கொள்ளலாம். ஆகஸ்ட் வரை 15.2-க்கும் 15.4-க்கும் இடையே நிற்கும். பிறகு இறங்கி டிசம்பரில் 12.4 ஆகும்.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் உச்சம் 36, குறைந்தது 22 என்று கொள்வோம். சராசரி 29, அதோடு 17.8 கூட்டினால் 46.8. வித்தியாசம் 14, அதன் வர்க்கமூலம் 3.74. எல்லாவற்றையும் பெருக்கினால் 6 மி.மீ. வருகிறது.

இந்த வாய்பாட்டுக்குக் காற்று என்றால் என்னவென்றே தெரியாது. நம் பகுதிக்கு அது பெரிய குறை. பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி ஆடியில் வரும் காற்றை நம்பித்தான் உடுமலை, பல்லடம் சுற்றிலும் காற்றாலைகள் நிற்கின்றன. தெற்கே முப்பந்தலிலும் கயத்தாற்றிலும் அதே கதை. ஆடியில் உச்சம் 32, குறைந்தது 23 என்றால் வாய்பாடு 4.8 மி.மீ. என்று சொல்லும். அம்மியையே பறக்க வைக்கும் காற்று அடிக்கும் நாளில் உண்மைச் செலவு அதைத் தாண்டிப் போகும். எனவே ஆடிப்பட்டத்துக்காரர்கள் தட்டையே நம்புங்கள்.

வெப்பம், ஈரப்பதம், காற்று வேகம், சூரியக் கதிர் நான்கையும் சேர்த்துக்கொள்ளும் பென்மன்–மான்டீத் வாய்பாடுதான் உலகெங்கும் இன்று அளவுகோல். பென்மன் 1948-ல் தொடங்கி வைத்ததை மான்டீத் 1965-ல் வளர்த்தார். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998-ல் வெளியிட்ட 56-ஆம் பாசன ஏடு அதை நடைமுறை வடிவமாக்கியது. கையால் போடக்கூடிய கணக்கல்ல. அந்த அமைப்பின் 'கிராப்வாட்' மென்பொருள் இலவசம். பக்கத்துத் தானியங்கி வானிலை நிலைய அளவுகள் கிடைத்தால் அதில் கொடுத்துப் பாருங்கள்.

புல்லிலிருந்து உங்கள் பயிருக்கு

மேற்கோள் அளவைப் பயிர்க் குணகத்தால், அதாவது அந்தப் புல்லைப் போல் உங்கள் பயிர் எத்தனை மடங்கு செலவழிக்கும் என்ற எண்ணால், பெருக்கினால் உங்கள் பயிரின் ஆவிச் செலவு. நிலக்கடலைக்கு முளைப்புக் காலத்தில் 0.4, பாத்தியை மூடிப் பூத்து, விழுது (பூவிலிருந்து மண்ணுக்குள் போகும் காம்பு) இறங்கி, காய் பிடிக்கும் காலத்தில் 1.15, முற்றும்போது 0.6. நடுவே உள்ள வளர்ச்சி நாட்களில் 0.4-லிருந்து 1.15-க்குப் படிப்படியாக ஏற்றிக்கொள்ளுங்கள். 105 நாள் ரகத்துக்கு ஏறக்குறைய 20, 25, 35, 25 நாட்கள் என்று நான்காகப் பிரிக்கிறேன். ஆனால் நாள்காட்டியைவிடச் செடியைப் பார்ப்பது மேல். நடுப்பகலில் நிழல் தரையில் முக்கால்வாசிக்கு மேல் விழுந்துவிட்டால் நீங்கள் உச்சக் குணகத்துக்கு வந்துவிட்டீர்கள்.

மற்றவற்றுக்கு உச்ச காலத்தில் மக்காச்சோளம் 1.2, தக்காளி 1.15, வெங்காயம் 1.05, மறுதாம்பு வாழை 1.2. தொடக்கக் குணகம் மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. வெறும் மண்ணை நாள்தோறும் நனைத்தால் நாள்தோறும் அது ஆவியாகும், 0.4 என்பது 0.8 கூட ஆகலாம். சின்னச் செடிக்கு அடிக்கடி தெளிப்பதைவிட இடைவெளி விட்டு நன்றாக நனைப்பது நல்லது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

மார்ச் நாளின் 6 மி.மீ. × 1.15 = 6.9 மி.மீ. நேற்று உங்கள் கடலை செலவழித்தது இவ்வளவு.

கையிருப்பு எவ்வளவு தாங்கும்?

செம்மண் மணற்பாங்காக இருந்தால் ஒரு மீட்டர் ஆழத்தில் பயிர் எடுக்கக்கூடிய தண்ணீர் 110 மி.மீ. அளவுக்கு நிற்கும். கரிசல் என்றால் 150-க்கு மேலும் தாங்கும். கடலையின் வேர் நன்றாக வேலை செய்யும் ஆழத்தை அரை மீட்டர் என்று வைத்தால், செம்மண்ணில் கையிருப்பு 55 மி.மீ. அதில் பாதி குறையும் வரை கடலை பொறுத்துக்கொள்ளும். வெங்காயம் அவ்வளவு பொறுக்காது, மூன்றில் ஒரு பங்கு குறைந்ததுமே தண்ணீர் கேட்கும். ஆக, கடலைக்கு 27 மி.மீ. குறைந்தால் தண்ணீர் கட்ட வேண்டும். நாளுக்கு 6.9 போனால் நான்கு நாள். வாரத்துக்கு ஒரு தண்ணீர் என்று இருந்தவர் மூன்று நாள் செடியைப் பட்டினி போட்டிருக்கிறார். அதுவும் காய் பிடிக்கும் நேரத்தில்.

நோட்டில் ஐந்து பத்திகள் போதும்: தேதி, தட்டு அளவு, பயிர்ச் செலவு, மழை, குறைவின் கூட்டுத்தொகை. நன்றாக நனைத்த நாளில் குறைவு பூஜ்யம். தினமும் செலவைக் கூட்டி மழையைக் கழியுங்கள். வெயில் காலத்தில் 1 மி.மீ. தூறல் இலையிலிருந்தே போய்விடும், அதை வரவில் சேர்க்க வேண்டாம். கனமழை பெய்து குறைவு பூஜ்யத்துக்குக் கீழே போனால், மீதி வேருக்குக் கீழே இறங்கிவிட்டது என்று பொருள். பூஜ்யத்திலேயே நிறுத்துங்கள்.

27 மி.மீ. சேர்ந்ததும் எவ்வளவு நேரம் மோட்டார் ஓட்டுவது? தெளிப்புநீரில் முக்கால் பங்குதான் பயிருக்குச் சேரும் என்று வைத்தால் 36 மி.மீ. விட வேண்டும். அதாவது ஏக்கருக்கு 1,46,000 லிட்டர். மணிக்கு 18,000 என்றால் எட்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். வாய்க்கால் வெட்டிப் பாத்தியில் விட்டால் 60 சதவீதம்தான் தேறும், பத்து மணி நேரம் ஆகும். சொட்டுநீரில் 90 சதவீதம் தேறும். அதில் நான்கு நாள் காத்திருக்க வேண்டியதில்லை, நேற்றைய செலவை இன்றே திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கணக்கை மண்ணிடம் கேட்டுச் சரிபாருங்கள்

குணகங்கள் எல்லாம் வேறு எங்கோ அளந்தவை. உங்கள் மண்ணும் உங்கள் ரகமும் சற்றே வேறாக இருக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறையாவது சரிபார்க்காத நோட்டு, போகப் போக வயலைவிட்டு விலகிவிடும்.

எளிய சோதனை: தண்ணீர் கட்டிய மறுநாள், 30 செ.மீ. ஆழம் வரை மண் துளைப்பானால் மண் எடுத்து மூடிய டப்பாவில் போடுங்கள். மூன்று நாள் கழித்து, இடையில் மழையும் பாசனமும் இல்லாதபோது, பக்கத்திலேயே மறுபடி எடுங்கள். எடை போட்டு, 105 பாகை சூட்டில் 24 மணி நேரம் உலர்த்தி, மறுபடி எடை போட வேண்டும். வீட்டில் அந்த அடுப்பு இருக்காது, மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். உலர்ந்த மண் எடையில் ஈரம் 14 சதவீதத்திலிருந்து 10-க்கு இறங்கியிருந்தால், வித்தியாசம் 4 சதவீதம். மண்ணின் அடர்த்தி 1.5, ஆழம் 300 மி.மீ. என்றால் 0.04 × 1.5 × 300 = 18 மி.மீ. நோட்டு 20 என்று சொல்லியிருந்தால் திருப்திப்படலாம், மீதி 30 செ.மீ.க்குக் கீழிருந்து வந்திருக்கும். நோட்டு 28 என்று சொன்னால் தட்டின் இடத்தையோ குணகத்தையோ சந்தேகியுங்கள்.

இன்னொரு வழி வாளி. 30 செ.மீ. வாயுள்ள பெயின்ட் வாளியில் வயல் மண்ணை அதே இறுக்கத்தில் நிரப்பி, இரண்டு செடி வைத்து, பயிரின் நடுவே குழி தோண்டி விளிம்பு தரைமட்டத்துக்கு வரும்படி இறக்குங்கள். தினமும் தூக்கி 10 கிராம் துல்லியமுள்ள தராசில் எடை பாருங்கள். 70 கிராம் குறைந்தால் 1 மி.மீ. ஆராய்ச்சி நிலையங்களில் 'லைசிமீட்டர்' என்று பெரிய தொட்டிகளைத் தராசின் மேல் புதைத்து வைத்திருப்பதும் இதே வேலைக்குத்தான். வாளிக்குள் வேர் நெருங்கிவிட்டால் எண் பொய் சொல்லத் தொடங்கும். அதனால் ஒரு வாளியை மூன்று வாரத்துக்கு மேல் நம்ப மாட்டேன்.

செயற்கைக்கோளைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நாசாவின் மோடிஸ் ஆவிச் செலவுப் படத்தில் ஒரு புள்ளி 500 மீட்டர் சதுரம், அதாவது 60 ஏக்கருக்கு மேல். உங்கள் கடலையும் பக்கத்துத் தென்னந்தோப்பும் மேட்டுத் தரிசும் அந்த ஒரே புள்ளியில் கலந்துவிடும். லேண்ட்சாட்டின் 30 மீட்டர் படத்திலிருந்து கணக்கிடலாம், ஆனால் அது 8 முதல் 16 நாளுக்கு ஒருமுறைதான் வரும், மேகம் வந்தால் அதுவும் இல்லை. ஒரு கிராமத்துக்கோ ஓர் ஏரியின் ஆயக்கட்டுக்கோ கணக்குப் பார்க்க இவை அருமையானவை. நாளைக் காலை மோட்டார் போடலாமா என்று முடிவெடுக்க உதவாது.

சேமித்த தண்ணீர் எங்கே போகிறது?

பாத்தியிலிருந்து சொட்டுநீருக்கு மாறியவர் "பாதித் தண்ணீர் மிச்சமுங்க" என்று மகிழ்வார். மோட்டார் ஓடும் நேரம் குறைந்தது உண்மை. ஆனால் பாத்தியில் வேருக்குக் கீழே இறங்கிய தண்ணீரில் ஒரு பகுதி கிணற்றுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. வானத்துக்குப் போனதுதான் திரும்பாதது. மிச்சமான தண்ணீரைக் கொண்டு இன்னும் ஓர் ஏக்கர் விதைத்தால் ஆவிச் செலவு கூடுகிறது, ஊர் நீர்மட்டம் முன்பைவிட வேகமாக இறங்குகிறது. வறண்ட ஊர்களில் நீர் மேலாண்மை பேசும்போது, எடுத்த தண்ணீரை மட்டும் எண்ணாமல் ஆவியான தண்ணீரை எண்ண வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான்.

விதைக்கும் முன்பே நோட்டைப் பிரியுங்கள்

ஜனவரி நடுவில் விதைத்து ஏப்ரல் கடைசியில் பறிக்கும் கடலைக்கு, என் கணக்கில் ஆவிச் செலவு மொத்தம் 500 மி.மீ. பக்கம் வரும். ஏக்கருக்கு 20 லட்சம் லிட்டர். ஆனால் பரப்பை முடிவு செய்ய இந்த மொத்தத்தைவிட மார்ச் மாத உச்ச நாள்தான் முக்கியம். நாளுக்கு 6.9 மி.மீ., தெளிப்புநீர் இழப்பையும் சேர்த்து 9.2 மி.மீ., அதாவது ஏக்கருக்குத் தினமும் 37,000 லிட்டர்.

இப்போது கிணற்றுக்குப் போங்கள். 10 மீட்டர் விட்டமுள்ள வட்டக் கிணறு என்றால், ஒரு மீட்டர் உயரத் தண்ணீர் 78,500 லிட்டர். மாலையில் மோட்டாரை நிறுத்தியதும் கயிற்றில் கல் கட்டி மட்டத்தைக் குறித்து, மறுநாள் மாலை வரை எவ்வளவு ஊறுகிறது என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஒரு மீட்டர் ஊறினால் அந்தக் கிணறு இரண்டு ஏக்கர் கடலையைத் தாங்கும், மூன்றாவது ஏக்கரைத் தாங்காது. இந்த ஊற்றை விதைப்பு மாதமான தையில் அளந்து ஏமாறாதீர்கள். போன மார்ச்சில் எவ்வளவு ஊறியது என்று எழுதி வைத்திருந்தால் அந்த எண்ணை எடுங்கள். எழுதவில்லை என்றால் இந்த மார்ச்சில் எழுதுங்கள். அதுவரை ஓர் ஏக்கரைக் குறைத்தே விதையுங்கள். தண்ணீர் எப்படியும் போதாமல் போனால், பூக்கும் முன்பான நாட்களில் குறைத்துக்கொண்டு, விழுது இறங்கும் நாளிலிருந்து காய் முற்றும் வரை நோட்டு கேட்பதை முழுதாகக் கொடுங்கள்.